அடைப்புக்குறிக்கு வெளியே

வாப்பா சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும் குர்ஆனைத் தமிழில் ஒரு பக்கம் வாய்விட்டுப் படிப்பார். அப்துல் ஹமீது பாகவியின் மொழிபெயர்ப்பு அது. குர்ஆன் முழுவதையும் தமிழுக்கு முதலில் கொண்டுவந்த பெரும்பணி. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதிப் பட்டம் பெற்றவர்களுக்கே உரிய 'பாகவி' அவர் பெயரோடு ஒட்டியிருப்பதை வாப்பா பெருமையாகச் சொல்வார். படிக்கும்போது அடைப்புக்குறிக்குள் இருக்கும் சொற்களையும் சேர்த்து, எங்கும் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாகப் படித்துவிடுவார். கேட்டுக்கொண்டிருக்கும் எங்களுக்கு எது மூலம், எது விளக்கம் என்று பிரித்தறிய வழியில்லை. அப்போது பிரித்தறிய வேண்டும் என்றும் தோன்றவில்லை.

பிறகு நான் தமிழாசிரியை ஆனேன். குறளை நாலு தடவை படிக்கவைத்துவிட்டுத்தான் பரிமேலழகருக்குப் போவேன். மூலம் வேறு, உரை வேறு என்பதை ஒவ்வோர் ஆண்டும் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி அது எனக்கே கண்ணில் பதிந்த பழக்கமாகிவிட்டது. குர்ஆன் மொழிபெயர்ப்பைத் திறந்தால் பார்வை நேரே அடைப்புக்குறிக்குப் போகும். இதற்குள் இருப்பது யாருடைய பேச்சு? இதை எடுத்துவிட்டால் வாக்கியம் நிற்குமா? இன்னொரு மொழிபெயர்ப்பை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் குறிக்குள் இருந்தது இன்னொன்றில் குறிக்கு வெளியே வந்திருந்தது. ஒன்றில் இருந்தது மற்றதில் இல்லாமலே இருந்தது. இரண்டு ஆலிம்களும் நம்பிக்கைக்குரியவர்கள். யார் சரி என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அந்தக் குறிகளுக்கு வெளியே, அரபில், உண்மையில் என்ன நிற்கிறது என்று என் கண்ணாலே பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்தது. பணி ஓய்வு பெறும்வரை அது ஆசையாகவே கிடந்தது.

அரபு எனக்கு அந்நியம் அல்ல. நான் பிறந்த காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் உண்டு. பெண்கள் தெருவுக்கு வராமலே வீட்டிலிருந்து வீட்டுக்குப் போய்வர முடுக்குகள் உண்டு. அந்த முடுக்கு வழியாகத்தான் நாங்கள் ஓதப் போவோம். ஓதிக் கொடுத்த சாச்சி முதலில் பிடித்தது எங்கள் தொண்டையை. ஐனுக்கு நடுத்தொண்டை, ஹம்ஸாவுக்கு அடித்தொண்டை, காஃபுக்கு அடிநாக்கு. ஒலி பிறக்கும் இடத்தில் விரலை வைத்துக் காட்டி, அது வரும்வரை அடுத்த எழுத்துக்கு விடமாட்டார். பிறகு ஸபர், ஸேர், பேஷ் என்னும் ஒலிக்குறிகள். பிறகு எங்கே நீட்டுவது, எங்கே மூக்கில் அடக்குவது, எங்கே நிறுத்துவது. முப்பது ஜுஸ்உகளும் ஓதி முடித்து வீட்டில் தம்மடை சுட்டுப் பங்கு வைத்தார்கள். ஓதியதில் ஒரு வாக்கியத்துக்குக்கூடப் பொருள் தெரியாது.

இதைச் சொன்னால் இப்போது சிலர் முகம் சுளிக்கிறார்கள். பொருள் தெரியாமல் ஓதி என்ன பயன் என்பார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எழுத்தறிவு பெண்களுக்கு எட்டாமல் இருந்த காலத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் அரபு எழுத்தைக் கற்றார்கள். அந்த எழுத்திலேயே, தமிழ் ஒலிகளுக்குப் புள்ளி கூட்டி எழுதிய அரபுத் தமிழில், சட்டமும் வரலாறும் பாட்டும் படித்தார்கள். என் உம்மும்மாவுக்குத் தமிழ் எழுத்து தடுமாறும். அரபுத் தமிழ்க் கிதாபை மடியில் வைத்தால் தண்ணீர்போல ஓடும். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய அரபுத் தமிழ் நூல்கள் பலவும் அப்படிப்பட்ட வாசகிகளை நம்பி எழுதப்பட்டவைதாம். சாச்சி என் தொண்டையில் விரல் வைக்காமல் இருந்திருந்தால் அறுபதை நெருங்கும் வயதில் ஐனும் ளாதும் என் வாயில் வந்திருக்கவே மாட்டா.

பணி ஓய்வுக்குப் பின் நான் சேர்ந்தது, சென்னை மண்ணடியில் ஒரு வீட்டு மாடியில், அஸருக்குப் பிறகு, பெண்களுக்கு மட்டுமான வகுப்பு. ஆலிமா என்னைவிட மிகவும் இளையவர். "ராத்தா, நீங்க தமிழ் டீச்சரா? அப்ப நஹ்வு உங்களுக்குச் சீக்கிரம் புடிபடும்" என்றார் முதல் நாளே. நஹ்வு என்பது வாக்கிய இலக்கணம். ஸர்ஃபு என்பது சொல் இலக்கணம். மதரசாக்களில் ஓதும் ஆஜுர்ரூமிய்யாவும், ஆயிரம் அடியளவில் யாப்பில் இலக்கணம் சொல்லும் இப்னு மாலிக்கின் அல்ஃபிய்யாவும் அலமாரியில் இருந்தன. அல்ஃபிய்யாவை இயற்றியவர் மறைந்தது 1274இல். நம் பவணந்தியாரும் 13ஆம் நூற்றாண்டுக்காரர். இலக்கணத்தைச் செய்யுளாக்கி மனப்பாடம் பண்ணவைத்தால்தான் நிற்கும் என்று ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டு மொழிகளிலும் நினைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஆலிமா எங்களுக்குத் தொடங்கியது அவற்றை வைத்து அல்ல. மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்காக உருவான மூன்று பாகப் பாடநூலை வைத்து. அதை எழுதியவர் வாணியம்பாடி அப்துர் ரஹீம். 1933இல் நம் வாணியம்பாடியில் பிறந்து, மதீனாவில் பல்லாண்டு அரபு கற்பித்து, பின்னர் அங்குள்ள மன்னர் ஃபஹ்து குர்ஆன் அச்சக வளாகத்தில் மொழிபெயர்ப்புப் பணியைத் தலைமையேற்று நடத்தியவர். அரபு தெரியாத பல நாட்டு மக்கள் இன்று இந்த மொழிக்குள் நுழைவது வட ஆர்க்காட்டுக்காரர் ஒருவர் திறந்துவைத்த வாசல் வழியாக. இது தமிழ்நாட்டில் பேசப்பட வேண்டிய அளவுக்குப் பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம். அந்த நூலில் விதி முதலில் வராது. இது, அது, வீடு, கதவு, பேனா என்று கண்ணால் காணும் பொருளில் தொடங்கி, ஒவ்வொரு பாடத்திலும் ஒரே ஒரு புதிய முடிச்சை மட்டும் அவிழ்த்துக் காட்டும். நாங்கள் மூன்றாம் பாகத்தில் இருந்தபோது, 2023இல், அவர் மறைந்த செய்தி வந்தது. ஆலிமா புத்தகத்தை மூடிவைத்தார். எல்லோரும் கையேந்தி துஆ செய்தோம். பிறகு விட்ட இடத்திலிருந்து பாடம் நடந்தது.

முதலில் என்னைப் பிடித்து நிறுத்தியது இஃராபு. சொல்லின் கடைசி எழுத்தில் ஒலி மாறுவதால் அந்தச் சொல்லின் வேலை மாறுவது. பேஷ் இருந்தால் பொதுவாக எழுவாய். ஸபர் இருந்தால் பெரும்பாலும் செயப்படுபொருள். சிறுவயதில் எழுத்துக்கு மேல் ஒரு கோடு, அதை 'அ' என்று ஒலி என்று மட்டும் தெரிந்திருந்த அந்த ஸபர், நம் இரண்டாம் வேற்றுமை 'ஐ' செய்யும் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது! ஸூரத்துல் பகராவில் இப்ராஹீம் நபியை அவருடைய இறைவன் சோதித்ததைச் சொல்லும் ஆயத்தில் இப்ராஹீமின் பெயர் முன்னால் நிற்கிறது, சோதித்த இறைவன் பின்னால் வருகிறான். கடைசி மீமில் இருக்கும் ஸபர்தான் யார் சோதித்தவன், யார் சோதிக்கப்பட்டவர் என்று காட்டுகிறது. சாத்தனைக் கண்டான் கொற்றன் என்று தமிழில் வரிசை மாற்றிச் சொன்னாலும் பொருள் மாறாதல்லவா, அதே சுதந்திரம். அந்த ஒரு கோட்டைப் புரட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே நடுக்கமாக இருந்தது.

அந்த நடுக்கம் எனக்கு முன்பே பலருக்கு வந்திருக்கிறது. ஆதிப் பிரதிகளில் இந்தக் கோடுகள் கிடையா. அரபைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு அவை தேவைப்படவில்லை. இஸ்லாம் பரவி, வேற்றுமொழிக்காரர்கள் ஓதத் தொடங்கியபோது ஈற்றொலிகள் பிசகின. பஸராவைச் சேர்ந்த அபுல் அஸ்வத் அத்துஅலீ, ஒருவர் ஒரு ஈற்றொலியை மாற்றி ஓதியதில் ஆயத்தின் பொருளே தலைகீழானதைக் கேட்டுத் துணுக்குற்று, வேறு நிற மையால் புள்ளி வைத்து ஒலிகளைக் குறிக்கும் முறையைத் தொடங்கினார் என்று சொல்வார்கள். அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் கலீல் இப்னு அஹ்மத், புள்ளிகளை இப்போது நாம் காணும் சிறு குறிகளாக மாற்றியவர் என்று அறியப்படுகிறார். கலீல் தொகுத்த அகராதி அலிஃபில் தொடங்காது. தொண்டையில் பிறக்கும் ஐனில் தொடங்கி, ஒலி பிறக்கும் இடத்தின் வரிசையில் உதடு நோக்கி வரும். தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் பல்லாண்டு நடத்திய எனக்கு அந்த வரிசையைப் பார்த்ததும் உறவுக்காரர் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. கலீலின் மாணவர் ஸீபவைஹி. அரபு இலக்கணத்தின் தலைநூலை, வெறுமனே 'அல்கிதாப்' என்று அழைக்கப்படும் நூலை, எழுதிய அவர் பாரசீகர். அந்த மொழியின் விதிகளை அத்தனை நுணுக்கமாகத் தொகுத்தவர் அதை வெளியிலிருந்து வந்து கற்றவர் என்பது எங்கள் வகுப்புக்கு எவ்வளவு தெம்பு தந்தது என்பதைச் சொல்லி முடியாது.

குர்ஆனில் சுமார் 77,000 சொற்கள். அவை முளைக்கும் வேர்கள் 2,000க்கும் குறைவு. இதை வைத்து, சில நூறு சொற்களைப் படித்துவிட்டால் குர்ஆனில் பெரும்பாதி புரிந்துவிடும் என்று ஆசை காட்டும் குறுக்குவழிகள் நிறைய வந்துவிட்டன. கணக்கு பொய் இல்லை. அடிக்கடி வருபவை 'இல்', 'இருந்து', 'மீது', 'எவர்', 'இல்லை' போன்ற சொற்கள்தாம். ஆனால் அவற்றைத் தெரிந்துகொண்டவருக்கு ஒரு வாக்கியத்தில் பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார் என்று தெரிந்துவிடாது. அதைச் சொல்வது வினை. வினைக்கு ஸர்ஃபு வேண்டும். இறந்தகாலத்துக்கு மாளி, நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் முளாரிஉ, ஏவலுக்கு அம்ரு என்று பிரித்துக்கொண்டு, ஃபஅல, ஃபஅலா, ஃபஅலூ என்று அவன், அவ்விருவர், அவர்கள், அவள் எனப் பதினான்கு வடிவங்களையும் ராகம் போட்டு ஒப்பிக்க வேண்டும். நடுத்தர வயதுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒப்பித்ததில் அந்த மாடி அதிரும். குறுக்குவழி வேண்டாம், இந்தப் பதினான்கும் போதும் என்பேன் நான்.

இந்த வடிவங்கள் கைக்கு வந்த பிறகுதான் அடைப்புக்குறிகளின் கதை தெளிந்தது. ஸூரத்துர் ரஹ்மானில் 31 தடவை திரும்பத் திரும்ப வரும் ஒரு கேள்வி உண்டு. சிறுமியாக அதைத் தாளத்துக்காகவே ஓதியிருக்கிறேன். தமிழ்ப் பெயர்ப்பில் அந்தக் கேள்விக்குள் மனிதர், ஜின் என்ற இரு கூட்டத்தாரை அடைப்புக்குறி போட்டுக் காட்டியிருப்பார்கள். அது உரையாசிரியர் வெளியிலிருந்து கொண்டுவந்த செய்தி என்று நினைத்திருந்தேன். அரபில் பார்த்தால் அங்கே ஒருமையும் இல்லை, பன்மையும் இல்லை, இருமை நிற்கிறது. 'நீங்கள் இருவர்' என்கிறது வாக்கியம். தமிழில் இருமை இல்லை. அந்த இருவர் யார் என்பதைத் தஃப்ஸீர் சொல்கிறது, இருவர் என்பதை மூலமே சொல்கிறது. அந்த அடைப்புக்குறி பாதி இலக்கணம், பாதி உரை. அன்றிலிருந்து ஒவ்வொரு குறியையும் இப்படிப் பிரிக்கத் தொடங்கினேன். சில குறிகள் அரபில் ஓர் ஈற்றொலியில் அடங்கிக் கிடப்பதைத் தமிழில் விரித்தவை. சில, வரலாற்றுப் பின்னணியைச் சொல்பவை. சில, மொழிபெயர்ப்பாளர் சார்ந்த கருத்தைச் சொல்பவை. முதல் வகைக்கு நன்றி சொன்னேன். மற்ற இரண்டையும் உரையைப் படிப்பதுபோல், உரை என்று தெரிந்தே படிக்கிறேன்.

ஒரு நாளைக்குப் பதினேழு ரக்அத்திலும் ஓதும் ஃபாத்திஹாவிலேயே இலக்கணம் தெரிந்தால் கண்ணில் படும் ஒன்று இருக்கிறது. முதல் மூன்று நான்கு வரிகள் இறைவனைப் படர்க்கையில் புகழ்கின்றன. அவன் இத்தகையவன், அவன் இன்னதற்கு உரியவன் என்று போகிறது. சட்டென்று அடுத்த ஆயத்தில் 'உன்னையே' என்று முகம் திரும்புகிறது. அரபு அணியிலக்கணத்தில் இதற்கு இல்திஃபாத் என்று பெயர். எனக்குச் சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவை நினைவுக்கு வந்தது. அங்கே முன்னிலைப் பரவல், படர்க்கைப் பரவல் என்று தலைப்பிட்டே தனித்தனியாக வைத்திருப்பார் இளங்கோ. சமயம் வேறு, போற்றப்படும் தெய்வம் வேறு. ஆனால் போற்றும் வாய் எங்கிருந்து பேசுகிறது என்பதைக் கவனிக்கும் பழக்கத்தை எனக்குக் கொடுத்தது அந்தத் தமிழ்தான். இப்போது தொழுகையில் அந்த இடம் வரும்போது நின்றுதான் ஓதுகிறேன்.

தமிழால் அடைப்புக்குறி போட்டும் காட்ட முடியாத ஒன்றும் உண்டு. நம் மொழியில் தன்மையும் முன்னிலையும் பால் காட்டா. அவன் வந்தான், அவள் வந்தாள் என்போம். நீ வந்தாய் என்றால் ஆணா பெண்ணா தெரியாது. அரபில் 'நீ'யிலேயே பெண் தனி. பெண்ணைப் பார்த்து ஏவும் வினையின் ஈற்றில் ஈகாரம் வந்து நிற்கும். ஸூரா மர்யமில் பிரசவ வேதனையில் பேரீச்ச மரத்தடியில் ஒதுங்கிய மர்யமுக்கு ஒரு குரல் கேட்கிறது. வருந்தாதே, மரத்தை உலுக்கு, பழம் உதிரும், சாப்பிடு, குடி, கண் குளிர்ந்திரு என்று சொல்கிறது. தமிழில் இவை யாருக்கும் சொல்லக்கூடிய சொற்கள். அரபில் அவளை ஏவும் சொல் ஒவ்வொன்றும் ஈகாரத்தில் முடிகிறது. அத்தனையும் ஒரு பெண்ணிடம், தனியாக இருக்கும் ஒரே ஒரு பெண்ணிடம் பேசப்படுகின்றன. என் மூத்த மகள் பிறந்தபோது உம்மா தலைமாட்டில் அமர்ந்து ஓதியது இந்த ஸூராதான். அன்று ஒலியாக மட்டும் கேட்டேன். இலக்கணம் தெரிந்து முதன்முறை அந்த ஈகாரங்களை வரிசையாகக் கேட்ட நாளில் வகுப்பில் அழுதுவிட்டேன். ஆலிமா பாடத்தை நிறுத்தவில்லை. அடுத்த வினையை என்னைத்தான் பிரிக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு பெண்ணை நோக்கிய வடிவங்களைத் தேடித் தேடிப் படித்தேன். கணவனைப் பற்றி நபியிடம் வாதாடிய பெண்ணின் பேச்சை இறைவன் கேட்டுவிட்டான் என்று தொடங்கும் முஜாதலா. ஆண்பாற் பன்மையே இருபாலாருக்கும் பொதுவாக வரும் மொழியில், ஆண்களையும் பெண்களையும் பத்து இணைகளாகத் தனித்தனியே பெயர் சொல்லி அழைக்கும் அஹ்ஸாபின் 35ஆம் ஆயத். பெண்கள் ஏன் குறிப்பிடப்படவில்லை என்று நபியின் மனைவி உம்மு ஸலமா கேட்டதையொட்டி அது இறங்கியதாக ஹதீஸ் நூல்களில் அறிவிப்பு இருக்கிறது. ஃபஜ்ரு ஸூராவின் முடிவில் அமைதியடைந்த ஆன்மாவைத் திரும்பி வா என்று அழைப்பதும் பெண்பால் ஏவல்தான். அங்கே மட்டும் நான் அடக்கிக்கொள்கிறேன். 'நஃப்ஸ்' என்ற சொல் அரபில் பெண்பால் என்பதால் வந்த வடிவம் அது, பெண்களுக்கென்று வந்ததல்ல. இலக்கணம் கற்றவர் இலக்கணம் சொல்லாததைச் சொல்லக்கூடாது. சட்டம் சொல்வதும் அப்படித்தான். ஆயத்தைப் பிரித்துப் படிக்கத் தெரிவது வேறு, அதிலிருந்து தீர்ப்பு எடுப்பது வேறு. அதற்கு ஹதீஸும் ஃபிக்ஹும் ஆண்டுக்கணக்கில் ஓதியவர்கள் இருக்கிறார்கள்.

உம்மாவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது. யாசீன், வாகிஆ, முல்க், கஹ்ஃபு எல்லாம் மனப்பாடம் என்பதால் ஓதல் நிற்கவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் மஃரிபுக்குப் பிறகு ஓர் ஆயத்தை நான் ஓதி, சொல் சொல்லாகப் பொருள் சொல்வது என்று வைத்துக்கொண்டோம். போன தடவை கஸஸ் ஸூராவுக்கு வந்தோம். மூஸா நபியின் தாய்க்கு அறிவிக்கப்பட்ட ஆயத். பஸராவின் பெரும் மொழியறிஞர் அஸ்மஈயிடம் ஒரு கிராமத்து அரபுப் பெண் இந்த ஆயத்தைக் காட்டிப் பேசிய கதையைக் குர்துபி தம் தஃப்ஸீரில் சொல்கிறார். ஒரே ஆயத்தில் இரண்டு ஏவல், இரண்டு விலக்கு, இரண்டு செய்தி, இரண்டு நற்செய்தி இருக்கின்றன என்று கணக்கிட்டுக் காட்டினாளாம் அவள். அதை உம்மாவிடம் விரல் மடக்கிச் சொன்னேன். பாலூட்டு, ஆற்றில் போடு. பயப்படாதே, கவலைப்படாதே. எல்லாம் தாயைப் பார்த்துச் சொன்னது உம்மா, இந்த 'ஈ' வருதே, அது பொம்பளைக்குச் சொல்றது என்றேன்.

உம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆற்றில் போட்ட பிள்ளையை உன்னிடமே திருப்பிக் கொண்டுவருவோம் என்ற இடத்தை நான் ஓதியதும் கையைப் பிடித்தார்.

"பொருள் எல்லாம் நல்லாச் சொல்ற புள்ளே. ஆனா அந்த எடத்துல அவசரப்படுற. அது பெரிய மத்து. நல்லா நீட்டு."

சரிதான். 'ராத்தூஹு' என்ற சொல்லில் நெடிலுக்கு அடுத்து ஷத்து, அதாவது இரட்டித்த மெய், வருகிறது. ஆறு ஹரகத் நீட்டியே ஆக வேண்டிய இடம். திருப்பி ஓதினேன். இன்னும் கொஞ்சம் என்றார். மறுபடி ஓதினேன். மூன்றாவது தடவை ஒப்புக்கொண்டு, "ஆத்துல போட்ட பிள்ளைய யார் எடுத்தா? அதையும் ஓது" என்றார். ஃபிர்அவ்னுடைய குடும்பத்தார் எடுத்ததைச் சொல்லும் அடுத்த ஆயத்துக்குப் போனோம்.